ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒன்பது, அந்தப் பக்கம் முப்பது

வெள்ளி, காட்டுமன்னார்கோயில்

87 ஓட்டு. 2016 சட்டமன்றத் தேர்தலில் இந்தத் தொகுதியில் தொல். திருமாவளவன் தோற்றது அவ்வளவு வித்தியாசத்தில்தான். அ.தி.மு.க.வின் முருகுமாறனுக்கு 48,450, திருமாவளவனுக்கு 48,363. நான் சிதம்பரத்திலிருந்து வந்த பேருந்தில் உட்கார்ந்திருந்தவர்கள், நின்றவர்கள், படியில் தொங்கிய பையன்கள் எல்லாரையும் சேர்த்தால் அந்த 87 வந்துவிடும்.

கடலூர் மாவட்டத்தின் இந்தத் தெற்கு மூலையில் தொடங்கி புதுச்சேரி வரைக்கும் போய், யார் யாருக்காகச் சட்டசபையில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களை ஊர்க்காரர்களால் எட்ட முடிகிறதா என்று கேட்டுப் பார்க்க ரொம்ப நாளாக ஆசை. தொடங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது.

பேருந்து நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் ஒரு பெரியவர். பூத் ஏஜெண்டாகப் பல தேர்தல் உட்கார்ந்தவராம். அந்த 87 பற்றிக் கேட்டதும் கட்சி, கூட்டணி என்று எதுவும் பேசவில்லை. "எங்க தெருவுல பன்னண்டு பேரு திருப்பூர்லயும் கேரளாவுலயும் வேலைக்குப் போயிருந்தானுங்க தம்பி. ஓட்டுக்கு வரல. ஒரு நாள் சம்பளம் போயிடும், போக வர பஸ் காசு வேற. இதே மாதிரி எத்தன தெரு இருக்கு பாருங்க" என்றார். ஊரில் பிழைப்பு இல்லை என்று வெளியே போனவன்தான் சட்டசபையில் யாராவது தனக்காகப் பேச வேண்டும் என்று அதிகம் ஆசைப்பட வேண்டியவன். பட்டியலில் அவன் பெயர் இருக்கிறது, ஓட்டு மட்டும் பதிவாகவில்லை.

மாலையில் லால்பேட்டை வழியாக வீராணம் ஏரிக்கரைக்குப் போனேன். இந்த ஏரித் தண்ணீர் குழாய் வழியாகச் சென்னை வரை போகிறது. கரை நெடுகக் காற்று நன்றாக இருந்தது. இருட்டுவதற்குள் கடலூர் பேருந்தைப் பிடித்துவிட்டேன்.

சனி, கடலூர்

மஞ்சக்குப்பத்தில் எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியாருக்கு மணிமண்டபம் இருக்கிறது. 2019இல் திறந்தார்கள். காலையிலேயே போய்விட்டேன். 1952இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில், தங்கள் வன்னியர் சமூக ஆட்களுக்குக் காங்கிரஸ் இடம் தரவில்லை என்ற கோபத்தில் அவர் நடத்திய தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி தென்னார்க்காடு, சேலம் பக்கம் நின்று 19 சட்டமன்ற இடங்களைப் பிடித்தது. பிரதிநிதித்துவம் என்ற சொல்லைப் பாடப்புத்தகத்தில் படித்திராத விவசாயிகள், சபையில் நம் ஆள் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் திரண்டு போட்ட ஓட்டு அது.

அதே தேர்தலில் கடலூர் நாடாளுமன்றத் தொகுதி ஒரு விசேஷம். அது இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரே தொகுதிக்குப் பொதுவாக ஒருவர், பட்டியல் சாதியினருக்காக ஒருவர் என்று இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். உழைப்பாளர் கட்சியின் கோவிந்தசாமி கச்சிராயரும், காங்கிரஸின் எல். இளையபெருமாளும் வென்றார்கள். இளையபெருமாள் காட்டுமன்னார்கோயில்காரர், அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. பின்னால் தீண்டாமை பற்றி ஆராய 1965இல் மத்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைவராகி, 1969இல் அறிக்கை கொடுத்தவர் அவர்தான். இரட்டைத் தொகுதி முறையை 1961இல் சட்டம் போட்டு எடுத்துவிட்டார்கள். தொகுதி மிகப் பெரிதாக இருந்ததால் செலவு, அலைச்சல் எல்லாம் உண்மைதான். ஆனாலும் சேரிக்கும் ஊருக்கும் சேர்த்து இரண்டு பேரும் பதில் சொல்ல வேண்டியிருந்த அந்த ஏற்பாட்டில் ஒரு நியாயம் இருந்தது என்றுதான் எனக்குப் படுகிறது. இப்போது தனித்தொகுதி என்றால் அந்த ஒரு தொகுதியின் விவகாரம், மற்றத் தொகுதிகளில் பட்டியல் சாதி மக்கள் எவ்வளவு பேர் இருந்தாலும் அவர்களுக்கென்று ஆள் கிடையாது.

மத்தியானம் கலெக்டர் ஆபீஸ் பக்கம் நடந்தேன். சனிக்கிழமை என்பதால் கூட்டம் இல்லை. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு எழுதிக் கொடுக்கும் ஒருவர் மர நிழலில் உட்கார்ந்து கட்டுக் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், வழித் தகராறு. மனுக்களை இனம் பிரித்து ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். ஏன் எம்.எல்.ஏ.விடம் போகாமல் இங்கே வருகிறார்கள் என்று கேட்டேன். "அவரு என்ன பண்ணுவாரு சார் பாவம், ரெண்டரை லட்சம் ஓட்டு. கல்யாணம் காதுகுத்துக்கு வரும்போது பாத்தா உண்டு" என்றார்.

அவர் சொன்னதைக் கணக்காகப் பார்த்தேன். கடலூர் மாவட்டத்தில் ஒன்பது தொகுதி: திட்டக்குடி, விருத்தாசலம், நெய்வேலி, பண்ருட்டி, கடலூர், குறிஞ்சிப்பாடி, புவனகிரி, சிதம்பரம், காட்டுமன்னார்கோயில். முன்பு இருந்த நெல்லிக்குப்பம் தொகுதி 2008 மறுவரையறையில் காணாமல் போனது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி மாவட்டத்தில் 26 லட்சம் பேர். ஆக, ஒரு எம்.எல்.ஏ.வுக்கு ஏறக்குறைய 2.9 லட்சம் மக்கள்.

தமிழ்நாட்டுக்கு 1967இலிருந்து 234 இடம்தான். 1971இல் 4.12 கோடிப் பேருக்கு 234. 2011இல் 7.21 கோடிப் பேருக்கும் அதே 234. குடும்பக்கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலங்கள் நாடாளுமன்றத்தில் இடம் இழந்துவிடக் கூடாது என்பதற்காக எண்ணிக்கையை உறைய வைத்தார்கள். அந்தக் காரணம் சரியானது, அதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சட்டசபை எண்ணிக்கையும் சேர்ந்தே உறைந்துபோனதில் ஒரு எம்.எல்.ஏ.வின் வாசலில் நிற்கிற கூட்டம் முக்கால் மடங்கு கூடிவிட்டது.

நாளைக்குப் பெண்ணையாற்றைத் தாண்டுகிறேன். அந்தப் பக்கம் மொத்தப் புதுச்சேரி யூனியன் பிரதேசத்துக்கும் சேர்த்து அதே 2011 கணக்கில் 12.48 லட்சம் பேர்தான், கடலூர் மாவட்டத்தில் பாதிகூட இல்லை. எம்.எல்.ஏ.க்கள் முப்பது பேர்.

ஞாயிறு, பாகூர்

கன்னியக்கோயில் நிறுத்தத்தில் மச்சான் பைக்கோடு காத்திருந்தான். மனைவியின் தம்பி, வில்லியனூரில் இருக்கிறான். அவனுக்கு இந்தப் பக்கம் சந்து பொந்தெல்லாம் அத்துப்படி. "மாமா, மூலநாதர் கோயிலப் பாத்துட்டுப் போலாம்" என்றான். சோழர் காலக் கற்றளி, கல்வெட்டுகள் நிறைய. சுற்றி முடித்து ஏரிக்கரை வழியாகக் குருவிநத்தம் பக்கம் போனோம்.

இங்கேதான் எல்லை விசித்திரமாக இருக்கிறது. தென்பெண்ணைக்கு வடகரையில் புதுச்சேரியின் குருவிநத்தம், சோரியாங்குப்பம். எதிர்க்கரை கடலூர். 2024 டிசம்பர் முதல் வாரம் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டபோது வெள்ளம் இரண்டு கரையையும் ஒரே மாதிரிதான் அடித்தது. நிவாரணம் மட்டும் வேறு வேறு. தமிழக அரசு கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சியில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 2,000 ரூபாய் அறிவித்தது. புதுச்சேரி அரசு எல்லா ரேஷன் கார்டுகளுக்கும் 5,000. ஒரே தண்ணீர் வீட்டுக்குள் வந்த இரண்டு குடும்பம், நடுவில் ஆறு, கைக்கு வந்த தொகையில் 3,000 ரூபாய் வித்தியாசம். இரண்டு சட்டசபை என்றால் என்ன என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் கூட இதைச் சொல்லியே விளக்கிவிடலாம்.

ஆற்றோரத்து வீடு ஒன்றின் திண்ணையில் ஓர் அம்மா தண்ணீர் கொடுத்தார். சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக் கோடு இன்னும் இருந்தது, சுண்ணாம்பு அடித்தும் போகவில்லையாம். எம்.எல்.ஏ. வந்தாரா என்று கேட்டதற்கு, இது என்ன கேள்வி என்பதுபோல் பார்த்தார். "வந்தாரே. பழைய எம்.எல்.ஏ.வும் வந்தாரு, நிக்கப் போறவரும் வந்தாரு. நம்பரு போன்லயே இருக்கு" என்று காட்டினார். கடலூரில் மனு எழுதுபவர் சொன்னதற்கு நேர் எதிர். 41 ஆயிரம் பேருக்கு ஓர் ஆள் என்றால் இப்படித்தான் இருக்கும். சாவு வீடு, மஞ்சள் நீராட்டு, பள்ளிக்கூட சீட்டு, மஞ்சள் ரேஷன் கார்டை ஏழைகளுக்கான சிவப்பு கார்டாக மாற்றுவது, எல்லாவற்றுக்கும் புதுச்சேரிக்காரர்கள் எம்.எல்.ஏ. வீட்டுக்குத்தான் நடக்கிறார்கள். புதுச்சேரி கணக்கைக் கடலூருக்குப் போட்டால் இந்த மாவட்டத்துக்கு 62 எம்.எல்.ஏ. வேண்டும்.

அதைக் கேட்டுப் பொறாமையாகத்தான் இருந்தது. அப்புறம் அந்த அம்மா வீட்டுக்கு முன்னால் இருந்த சைடு வாய்க்காலைப் பார்த்தேன். மண்ணும் தேங்காய் மட்டையும் அடைத்து, ஒரு பக்கச் சுவர் உள்ளே சாய்ந்து கிடந்தது. வெள்ளத்தில் விழுந்ததாம். எம்.எல்.ஏ.விடம் சொன்னார்களாம், அவர் கொம்யூன் பஞ்சாயத்து (பல ஊர்களுக்குச் சேர்த்து இருக்கும் உள்ளாட்சி அமைப்பு) ஆணையரிடம் சொன்னாராம், ஆணையர் மாறிப் போய்விட்டாராம், புதியவரிடம் திரும்பச் சொல்ல வேண்டுமாம். வார்டு மெம்பர் யார் என்று கேட்டேன்.

யாரும் இல்லை. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968இல் நடந்தது. அதற்கு அடுத்தது 2006இல், 38 வருஷம் கழித்து, அதுவும் நீதிமன்றம் போய். 2011இல் அந்தப் பதவிக்காலம் முடிந்தது. அப்புறம் இல்லை. 2018இல் உச்ச நீதிமன்றம் நடத்தச் சொன்னது. 2021இல் தேதிகூட அறிவித்தார்கள், இடஒதுக்கீட்டுக் குழப்பத்தில் வழக்கு உயர் நீதிமன்றம் போய் நின்றுவிட்டது. ஐந்து நகராட்சி, பத்து கொம்யூன் பஞ்சாயத்து, அவற்றின் கீழே கிராமப் பஞ்சாயத்துகள். மொத்தத்தையும் அதிகாரிகள்தான் நடத்துகிறார்கள்.

தமிழ்நாட்டுக்காரன் என்று இதில் பெருமைப்படவும் வழியில்லை. கடலூர் மாவட்டத்தில் 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்து, 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்ததும் தனி அலுவலர்களை உட்கார வைத்தார்கள். கடலூர் மாநகராட்சி மாதிரி நகரப் பகுதிகளில் மட்டும் 2022இல் தேர்ந்தெடுத்த கவுன்சிலர்கள் இருக்கிறார்கள். ஆனால் எங்கள் பக்கம் வருஷக் கணக்கு, இங்கே தலைமுறைக் கணக்கு.

அந்த அம்மாவின் ஓரகத்தி 2006இல் வார்டு மெம்பராக இருந்தவராம். இரண்டு வீடு தள்ளிப் போய்ப் பார்த்தோம். பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு. கூடத்தில் கோதுமை காயவைத்துக்கொண்டிருந்தவர், பழைய நோட்டு ஒன்றை எடுத்து வந்தார். கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு. எந்தக் கம்பத்தில் எந்தத் தேதியில் விளக்கு எரியவில்லை, யார் வந்து சொன்னார்கள், எப்போது மாற்றினார்கள் என்று ஒரு பக்கத்துக்கு ஒரு தெரு. கடைசியாக எழுதியது 2011இல். "என்கிட்ட வந்து சொல்லிட்டுப் போயிடுவாங்க. நா வெளில போறப்பல்லாம் திட்டிக்கிட்டே கேப்பாங்க. செய்யாம இருக்க முடியுமா?" என்றார். எம்.எல்.ஏ.வின் போன் நம்பர் கையில் இருப்பது நல்லதுதான். ஆனால் அவர் சட்டம் இயற்றவும் பட்ஜெட்டைக் கேள்வி கேட்கவும் போனவர். அவரைக் கம்பத்து விளக்குக்கு அலையவிட்டால் இரண்டு வேலையும் கெடும். தெருவில் திட்டு வாங்குகிற தூரத்தில் ஓர் ஆள் வேண்டும்.

திங்கள், கீழூர், புதுச்சேரி

கீழூருக்குக் காலையிலேயே போனோம். வில்லியனூரிலிருந்து பக்கம்தான். சின்னக் கிராமம், வயல், அதன் நடுவே நினைவிடம். 1954 அக்டோபர் 18ஆம் தேதி இங்கேதான் பிரெஞ்சிந்தியாவின் தலைவிதிக்கு ஓட்டெடுப்பு நடந்தது. ஓட்டுப் போட்டவர்கள் 178 பேர். இந்தியாவோடு சேர 170, எதிராக 8. நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான இணைப்பு முழுமையானது 1962 ஆகஸ்ட் 16. அந்த நாளில் இங்கே ஆண்டுதோறும் கொடியேற்றுகிறார்கள்.

எனக்கு இங்கே நிற்கும்போது ஒன்று உறைத்தது. அந்த 178 பேர் யார்? பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் நகரசபைகளின் உறுப்பினர்களும். ஊர் ஊராகத் தேர்ந்தெடுத்த உள்ளாட்சி ஆட்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1880இலேயே இங்கே பத்து கொம்யூன்களை ஏற்படுத்தித் தேர்தல் வைத்துவிட்டார்கள். அது ஒன்றும் சுத்தமான தேர்தல் இல்லை. ஐரோப்பியருக்குத் தனிப் பட்டியல், இந்தியருக்குத் தனிப் பட்டியல், அடியாட்கள், கள்ள ஓட்டு எல்லாம் இருந்தது. ஆனாலும் இந்த மண் இந்தியாவோடு சேர்ந்தது அந்த ஆட்களின் கையெழுத்தில்தான். இன்றைக்கு அப்படி ஒரு கூட்டத்தைக் கீழூரில் கூட்ட வேண்டுமென்றால் சபை உறுப்பினர்களைத் தவிர ஒருவரும் வரமாட்டார்கள், ஏனென்றால் ஒருவரும் இல்லை. எனக்குக் கோபமே வந்துவிட்டது. மச்சான்தான் "வெயில் ஏறுது மாமா" என்று கிளப்பினான்.

நகரத்துக்குள் வந்து பாரதி பூங்காவில் கொஞ்ச நேரம். எதிரே சட்டசபை. முப்பது தொகுதியில் புதுச்சேரிப் பகுதிக்கு 23, காரைக்காலுக்கு 5, கேரளக் கரையில் இருக்கிற மாஹேவுக்கு 1, ஆந்திராவில் கோதாவரிப் பக்கம் இருக்கிற ஏனாமுக்கு 1. ஐந்து தனித்தொகுதி. 2021இல் என்.ஆர். காங்கிரஸ் தலைவர் ரங்கசாமி தட்டாஞ்சாவடியில் வென்று, ஏனாமில் 655 ஓட்டில் ஒரு சுயேச்சையிடம் தோற்றார், அப்புறம் முதலமைச்சரும் ஆனார். ஏனாம்காரர்களுக்குத் தங்கள் ஊர் ஆள்தான் வேண்டும் என்று தோன்றியிருந்தால் அதில் தப்பில்லை.

முப்பதோடு நியமன உறுப்பினர்கள் மூன்று பேர் வரை உண்டு. 1963ஆம் ஆண்டு யூனியன் பிரதேசச் சட்டப்படி மத்திய அரசு போடுகிறது. 2017இல் மாநில அரசைக் கேட்காமலே மூன்று பா.ஜ.க.வினரை நியமித்தது வழக்காகி, 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நியமனமும் செல்லும், அவர்களுக்கு ஓட்டுரிமையும் உண்டு என்றது. அதன் விளைவு 2021 பிப்ரவரி 22இல் தெரிந்தது. வரிசையாக ராஜினாமாக்கள் நடந்து, அப்போதைய முதலமைச்சர் நாராயணசாமியின் காங்கிரஸ் அரசின் பக்கம் 12 பேர். எதிரே 14. அந்தப் பதினான்கில் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் 11, நியமனம் 3. அரசு போனது. ஆளுங்கட்சி உறுப்பினர்கள் ஓடிப்போனதும் அவர்கள் குற்றம்தான், அந்த அரசுக்காக நான் வாதாட வரவில்லை. ஆனால் ஒரு ஓட்டுகூட வாங்காத மூன்று பேர், ஓட்டு வாங்கி வந்த அரசின் கணக்கைத் தீர்மானிப்பது எந்தக் கட்சிக்கு லாபமானாலும் அநியாயம். பாகூர் அம்மா வரிசையில் நின்று போட்ட ஓட்டின் எடை அதில் குறைகிறது.

கடற்கரைச் சாலையில் மேரி கட்டடம். பிரெஞ்சுக் காலத்து நகரசபை மண்டபம். 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பழைய வடிவத்திலேயே திரும்பக் கட்டி, அரசு கவிழ்ந்த மூன்றாம் நாள், 2021 பிப்ரவரி 25இல் பிரதமர் திறந்து வைத்தார். வெள்ளைத் தூண்களும் உயரமான ஜன்னல்களுமாக அழகாகவே கட்டியிருக்கிறார்கள். சுற்றுலா வந்தவர்கள் வரிசையாகப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நகரசபை மண்டபம் திரும்ப எழுந்துவிட்டது, அதில் உட்கார வேண்டிய நகரசபையைத்தான் இன்னும் தேர்ந்தெடுக்கவில்லை.

"எனக்கு முப்பத்தொன்னு ஆச்சு மாமா. எம்.எல்.ஏ.வுக்குப் போட்டிருக்கேன், எம்.பி.க்குப் போட்டிருக்கேன். வார்டுக்குப் போட்டதே இல்ல" என்றான் மச்சான். அவன் மட்டுமில்லை. 2006இல் பதினெட்டு நிரம்பாத புதுச்சேரிக்காரர் எவருமே போட்டதில்லை.

இதில் அதிகம் இழந்தது பெண்கள். உள்ளாட்சியில் மூன்றில் ஒரு பங்கு அவர்களுக்கு என்று அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. தேர்தலே நடத்தாவிட்டால் அந்த இடமும் இல்லை, அதில் பழகி மேலே போகிற வழியும் இல்லை. 2021இல் முப்பது பேரில் வென்ற பெண் ஒரே ஒருவர், நெடுங்காடு தனித்தொகுதியின் சந்திர பிரியங்கா. சட்டசபையிலும் மூன்றில் ஒரு பங்கு தருவதற்கு 2023 டிசம்பரில் புதுச்சேரிக்குத் தனிச்சட்டம் நிறைவேறியது, ஆனால் அது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, மறுவரையறை எல்லாம் முடிந்த பிறகுதான் நடைமுறைக்கு வரும். வார்டுக்கு அப்படி எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

இரவு வில்லியனூரில் மாமியார் வீட்டில் சாப்பாடு. வஞ்சிரம் குழம்பு. பேச்சு இதிலேயே ஓடியது. தெருவில் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் பொதுப்பணித்துறை ஆபீசுக்குப் போய் நிற்பது அத்தைதான், நான்கு வீட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு. "நாளைக்கே தேர்தல் வெச்சா நீங்க நிப்பீங்களா அத்தை?" என்று கேட்டேன். மச்சான் சிரித்தான், அவர் சிரிக்கவில்லை. குழம்புச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நிப்பேன் மாப்பிள்ளை. ஏன் நிக்கக் கூடாது? மொதல்ல பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி இருக்கிற வாய்க்கால். அப்புறம் மார்க்கெட்ல பொம்பளைங்களுக்கு ஒரு கக்கூஸ், மீன் விக்கிறவங்க காலைலேந்து எங்க போவாங்க? மூணாவது ஒன்னு இருக்கு, அதுக்குக் கொஞ்சம் காசு ஆகும். எவ்வளவு வருதுன்னு கணக்க மொதல்ல காட்டச் சொல்லணும்."